துவிச்சக்கரவண்டியும் நம் பிள்ளைகளும்



சனிக்கிழமை காலையில் நமது பள்ளி வாயிலில் நின்று பாருங்கள். அரை மைல் தொலைவிலிருந்தும் கார், ஒரு மைல் தொலைவிலிருந்தும் கார். இறங்கும் பிள்ளைகளிற் பாதிப்பேர் கொட்டாவியுடனேயே வகுப்பினுள் நுழைகின்றனர். முதற் பாடவேளையில் அவர்களை வாய் திறக்க வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

ஊரில் ஆசிரியனாக இருந்த காலத்தில் இத்தகைய தூக்கக் கலக்கத்தை நான் கண்டதில்லை. ஐந்து மைல் துவிச்சக்கரவண்டி ஓடி வரும் பிள்ளை வியர்வையோடு வரும், பசியோடு வரும், உறக்கத்தோடு வராது. 1990களில் வடபகுதிக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்தபோது நான் மாணவன். யாழ்ப்பாணமே அன்று சைக்கிளில்தான் ஓடியது. விறகும் நெல்மூடையும் நோயாளியும் அதிலேயே சென்றனர். மின்சாரமற்ற இரவுகளில் சைக்கிளின் மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் பீ.பீ.சி. தமிழோசை கேட்டோம். (சுழற்றும் பணி எப்போதும் வீட்டில் இளையவனுக்கே.) பட்ட துன்பத்தைப் பெருமையாகக் கூறவில்லை, அந்நாட்கள் எவருக்கும் மீண்டும் வரவேண்டா. ஆயினும், தம்பியை முன்பாரில் ஏற்றிக்கொண்டு ஒழுங்கைகளிற் சென்ற அந்த அரைமணி நேரம் மட்டும் என் மனம் அச்சமின்றி இருந்தது.

அப்படி வளர்ந்த நானே என் மகனுக்கு மூன்று ஆண்டுகளாகச் சைக்கிள் வாங்கிக் கொடுக்க மறுத்தேன். வீதி ஆபத்தானது என்றேன். அது பாதி உண்மை. கார் வைத்திருந்தும் பிள்ளையைச் சைக்கிளில் விடுகிறானே என்று நம்மவர் பேசுவார்களே என்ற கூச்சமே மறுபாதி. நம்மிற் பலருக்குச் சைக்கிள் வறுமையின் சின்னமாகவே நெஞ்சில் நின்றுவிட்டது.

அந்தக் கூச்சத்தின் விலை என்ன? இங்கிலாந்தில் ஆரம்பப் பாடசாலையின் இறுதி வகுப்பிலுள்ள 10, 11 வயதுப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் மிகை எடை உடையவர்கள். தெற்காசிய வழிவந்தோரை நீரிழிவு ஏனையோரிலும் இளவயதில், குறைந்த பருமனிலேயே பற்றுகிறது. இதற்குச் சான்று தேடி நாம் வீட்டுக்கு வெளியே போகவேண்டியதில்லை. 5 முதல் 18 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்கவேண்டும் என்பது இந்நாட்டின் தலைமை வைத்திய அதிகாரிகள் 2019இல் வழங்கிய அறிவுரை. ரியூஷன், பரதம், வயலின், தமிழ் என்று நிரம்பிய அட்டவணையில் அந்த நேரம் எங்கே என்று கேட்பீர்கள். போய்வரும் வழியிலேயே இருக்கிறது. காரிற் குந்தியிருக்கும் நேரத்தையே சைக்கிள் எடுத்துக்கொள்கிறது, படிப்பின் நேரத்தையன்று.

வீதிப் பயத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அதற்கு மருந்து பயிற்சி. 2007இல் தொடங்கப்பட்ட ‘பைக்கபிலிற்றி’ திட்டத்தில் பின்னால் திரும்பிப் பார்க்கவும், கையாற் சைகை காட்டவும், சந்திகளைக் கடக்கவும் படிப்படியாகக் கற்பிக்கின்றனர். இலண்டனில் உள்ளூராட்சி மன்றங்கள் பல இதனை இலவசமாகவே நடத்துகின்றன. பாடசாலையிலிருந்து அந்தப் படிவம் வரும்போது கையொப்பமிடாமல் மேசையிற் போட்டுவிடாதீர்கள். தலைக்கவசம் இங்கே சட்டப்படி கட்டாயமன்று. என் வீட்டில் கட்டாயம்.

பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்ட பெற்றோரும் உளர். தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே எழுத்தறிவோடு சைக்கிளும் பழகிய பல்லாயிரம் கிராமத்துப் பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும்.

சென்ற கோடையில் மகனுக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினேன், எனக்கும் ஒன்று. காரில் பின்னிருக்கையிலிருந்து கைத்தொலைபேசியைவிட்டுக் கண்ணெடுக்காத பிள்ளை, பூங்காப் பாதையில் என்னருகே ஓடியபடி, “இதுக்குத் தமிழில என்ன அப்பா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். சில்லு என்றேன், சங்கிலி என்றேன், மிதி என்றேன். பிரேக்குக்கு வந்தபோது பிரேக் என்றே சொல்லிவிட்டேன்.

அடுத்த தவணையின் முதற் சனிக்கிழமை நாங்கள் இருவரும் சைக்கிளிலேயே பள்ளிக்கு வருவோம். காற்றடிக்கும் பம்புடன் ஒன்பது மணிக்கே வாயிலில் நிற்பேன். வீட்டில் காற்றிறங்கிக் கிடக்கும் சைக்கிள்களைக் காரிலாவது ஏற்றிக்கொண்டு வாருங்கள்.