சுவரிற் பதித்த கணினியும் மறக்கப்பட்ட துணையும்

பொதுவிடங்களில் நிறுவப்படும் கணினிகளின் வழியே மக்கள் தாமாகவே கற்றுக்கொள்வர் என்னும் கருத்து, கடந்த கால் நூற்றாண்டாகக் கல்வியாளர் பலரைக் கவர்ந்து வந்துள்ளது. பொதுமக்களின் கற்றலுக்கென இலக்கமுறை ஊடகங்களை வடிவமைக்கும் ஆய்வுத்துறையில் இக்கருத்துப் பெற்றுள்ள மதிப்புப் பெரிது. அதனைத் தாங்கும் சான்றோ சிறிது. இதனை விளங்கிக்கொள்வதற்குப் புதுடில்லியில் தொடங்கிய ‘சுவரில் துளை’ப் பரிசோதனையை நோக்குதல் பொருத்தமாகும்.

1999ஆம் ஆண்டில், பௌதிகவியலிற் பயிற்சி பெற்ற சுகதா மித்ரா, புதுடில்லிக் கல்காஜியில் தாம் பணியாற்றிய நிறுவனத்துக்கும் அயலிலிருந்த சேரிக்கும் இடைப்பட்ட மதிலில் ஒரு கணினியைப் பதித்தார். கற்பிப்பார் எவருமிலர். ஆயினும் சேரிச் சிறுவர் ஒருவரையொருவர் பார்த்து அதனை இயக்கப் பழகினர். இதனை மறுப்பதற்கில்லை. ஆனால், ஒரு கருவியை இயக்கப் பழகுவது வேறு. அக்கருவியின் வழியாகக் கல்வி பெறுவது வேறு. முன்னதைக் கண்டவர்கள் பின்னதையும் கண்டதாக அறிவித்தனர். ‘குறைந்த தலையீட்டுக் கல்வி’ எனப் பெயரிடப்பட்ட இக்கொள்கை உலகெங்கும் பரவிற்று. 2013இல் டெட் அமைப்பின் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசும் மித்ராவுக்குக் கிடைத்தது.

நேரிற் சென்று ஆராய்ந்தோர் கண்டவை இப்புகழுக்கு இசைவானவையல்ல. இணையத் தொடர்பு பெரும்பாலும் இயங்கவில்லை என்றும், இந்தி மொழியிலான பாடப்பொருள் இருக்கவில்லை என்றும், சிறுவர் தம் நேரத்தைப் படம் வரைவதிலும் விளையாட்டிலுமே பெரிதும் கழித்தனர் என்றும் அமெரிக்க ஆய்வாளர் மார்க் வார்ஷவர் 2003இல் எழுதினார். உத்தராகண்ட் மாநிலத்தின் அல்மோராவிலும் ஹவால்பாக்கிலும் நிறுவப்பட்டிருந்த நிலையங்கள் செயலற்றுப் போயிருந்தமையைப் பாயல் அரோரா 2010இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டிற்று.

ஆயினும் இக்கொள்கைக்கு எதிரான வலிமைமிக்க சான்று மித்ராவின் சொந்த ஆய்விலேயே உளது. தென்னிந்தியாவின் காளிக்குப்பம் என்னும் கிராமத்தில், 10 முதல் 14 வயது வரையான தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூலக்கூற்று உயிரியற் பாடம் ஆங்கிலத்திற் கணினிவழி வழங்கப்பட்டது. தனித்து விடப்பட்ட பிள்ளைகள் நூற்றுக்கு 30 அளவான புள்ளிகளைப் பெற்றனர். பின்னர், அவர்களோடு பழகிய இளம்பெண் ஒருவர் அருகிருந்து ஊக்குமாறு அமர்த்தப்பட்டார். அவர் கணக்குவேலை செய்பவர், உயிரியல் அறியாதவர். அதன்பின் புள்ளிகள் 50 அளவுக்கு உயர்ந்தன. புதுடில்லியின் வசதிமிக்க தனியார் பாடசாலை மாணவரோடு அப்பிள்ளைகள் சமநிலை எய்தினர். 2010இல் வெளியான இவ்வாய்வு புலப்படுத்துவது யாது? ஏழைப் பிள்ளைக்கும் வசதியுள்ள பிள்ளைக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கணினி கடக்கவில்லை. அக்கறையுள்ள ஒரு மனிதரின் துணை சேர்ந்த பின்னரே அது கடக்கப்பட்டது. பாடமறியாத ஒருவரின் துணையே இத்துணைப் பயன் தருமாயின், பாடமறிந்த நல்லாசிரியரின் துணை எத்துணைப் பயன் தரும் என்ற வினா எழுப்பப்படாமலே போயிற்று.

மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்துடன் தாமே போராடியமை அவர்தம் ஆற்றலுக்குச் சான்று. அப்பாடத்தைத் தமிழில் ஆக்காமைக்கு அது நியாயம் ஆகாது. பிள்ளைகளின் முன்னே தடையொன்றை வைத்துவிட்டு, அதனை அவர்கள் தாண்டும் திறனை வியந்து நிற்பது வடிவமைப்பு ஆகாது.

இவ்வளவு தெளிவான சான்று இருந்தும் ‘ஆசிரியர் வேண்டியதில்லை’ என்ற சுலோகம் வாழ்வதற்குக் காரணம் உண்டு. கணினியை ஒருமுறை வாங்கினாற் போதும். ஆசிரியருக்கு மாதந்தோறும் ஊதியம் வழங்கவேண்டும், ஓய்வூதியமும் வழங்கவேண்டும். திறப்புவிழா நடத்துவதற்கு இயந்திரம் ஏற்றது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பும் அரசுகளுக்கும் விற்பனையை நாடும் நிறுவனங்களுக்கும் இச்சுலோகம் ஒருங்கே உவப்பானது.

இத்துறையின் நல்ல மரபோ வேறு வழிப்பட்டது. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராங்க் ஒப்பன்ஹைமர் நிறுவிய எக்ஸ்புளோரட்டோரியம் என்னும் அறிவியற் காட்சியகத்தில், பார்வையாளர் தம் கையாலேயே காட்சிப்பொருள்களை இயக்கினர். எனினும் அவர்களோடு உரையாடுவதற்கென மாணவர்கள் விளக்குநராக அமர்த்தப்பட்டனர். இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஹீத், டிர்க் வொம் லேன் ஆகியோரின் அரும்பொருட்காட்சியக ஆய்வுகளும், கணினித் திரைகள் பல தனியொருவருக்கென அமைந்து, கூட வந்தோரை வெறும் பார்வையாளராக ஒதுக்கிவிடுவதைச் சுட்டிக்காட்டின. மனிதன் பொறியோடு கொள்ளும் ஊடாட்டத்தை மட்டும் கருதி, மனிதரோடு மனிதர் கொள்ளும் ஊடாட்டத்தை மறந்த வடிவமைப்பு, பொதுமக்களுக்கான வடிவமைப்பு எனும் பெயருக்கு உரியதன்று.

எனவே, திரையை எத்தனை பேர் தொட்டனர் என்று எண்ணிக் காட்டுவது ஆய்வாகாது. பாடம் எம்மொழியில் இருந்தது, அருகில் துணைநின்றவர் யார், சில ஆண்டுகளின் பின்னும் அந்நிலையம் இயங்குகிறதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத ஆய்வறிக்கை எதுவும் பல்கலைக்கழகங்களில் ஏற்றுக்கொள்ளப்படலாகாது. காளிக்குப்பத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தவை கணினியும், தாய்மொழியிற் பாடமும், துணைக்கு ஒரு மனிதருமே. அவற்றுள் முதலாவதை மட்டும் அளித்துவிட்டுக் கல்வியை அளித்துவிட்டதாகக் கூறுவது ஏழைகளுக்கு இழைக்கப்படும் வஞ்சனையாகும்.