தரகர் காட்டும் வழியும் சங்கம் காட்டும் வழியும்

காஞ்சிக்கு வரும் வெளியூரார் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் தரிசித்த பின்னர்த் தேடுவது பட்டுச் சேலையையே. அவர்களைக் கடைக்கு அழைத்துச் செல்பவர் பெரும்பாலும் கோயில் வாயிலில் காத்து நிற்கும் தரகர். அவருக்குரிய கமிஷன் சேலையின் விலையில் ஏறிவிடுகிறது. வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கிறார். நெய்தவருக்கு அதில் ஒரு காசும் சேர்வதில்லை. இந்நிலையை மாற்ற நம் சங்கங்கள் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. வருவோரை நாமே வழிகாட்டி அழைத்துச் சென்று, ஊரையும் தறியையும் வயலையும் நடந்தே காணச் செய்வதுதான் அது.

கொரியா நாட்டின் தலைநகரான சியோலில் இம்முறை நன்கு வேரூன்றியுள்ளது. அங்குள்ள கியோங்போக்குங் அரண்மனை 1395 இல் கட்டப்பெற்றது. 1592 இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது எரிந்து, 1867 இல் மீண்டும் எழுந்தது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. 1990 முதல் அதனைப் படிப்படியாகப் புதுப்பித்து வருகின்றனர். அந்நாட்டு மரபுடையாகிய ஹன்போக் உடுத்தி வருவோருக்கு அங்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உடையையும் வரலாற்றையும் ஒரே முடிச்சில் இணைத்த இந்த ஏற்பாடு நெசவாளர் கவனிக்க வேண்டிய ஒன்றாகும்.

அரண்மனையைக் கண்டவர்களை வழிகாட்டிகள் அங்காடிக்கு அழைத்துச் செல்கின்றனர். அவற்றுள் குவாங்ஜாங் அங்காடி 1905 இல் கொரிய வணிகர்கள் ஒன்றுகூடி நிறுவியது. மாடியில் பட்டும் துணியும். கீழே வரிசை வரிசையாக உணவுக் கடைகள். பாசிப்பயற்றை ஊறவைத்து அரைத்துச் சுடும் அடை ஒன்று அங்கே பேர் பெற்றது. நம் வீட்டுப் பயற்றடைக்கு அது தூரத்து உறவு எனலாம். உண்ண வருபவர் துணியையும் காண்கிறார். துணி வாங்க வருபவர் உண்டு செல்கிறார்.

அங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. அரண்மனையைச் சுற்றி வாடகைக்கு விடும் உடைகளிற் பல, மரபுக்கு ஒவ்வாத மலிவுச் சரக்கு என்று அந்நாட்டாரே கண்டித்தனர். 2023 இல் அங்காடியின் சில கடைகள் அதிக விலைக்குக் குறைந்த உணவு தருவதாகப் பெரும் புகார் எழுந்தது. பின்னர் அளவையும் விலையையும் எழுதி வைக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பிறர் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் தொடக்கத்திலேயே கைக்கொள்ளலாம் அன்றோ?

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய இடம் மதுரை. திருமலை நாயக்கர் மகால் 1636 இல் கட்டப்பெற்றது. இன்று எஞ்சி நிற்பது அதன் ஒரு பகுதியே. அதே அரண்மனையைச் சேர்ந்த பத்துத்தூண்கள் சிறிது தூரத்தில் துணிக்கடைகளின் நடுவே நிற்கின்றன. அக்கம்பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்கின்றனர். விளக்குத்தூண் பக்கம் திரும்பினால் ஜிகர்தண்டா கிடைக்கிறது. அரண்மனை, துணி, உணவு மூன்றையும் ஒரு காலை நடையில் காணலாம். ஆயினும் மகாலை மட்டும் பார்த்துவிட்டு வண்டியேறுவோரே பலர்.

பல்லவர் அரண்மனை இன்று காஞ்சியில் இல்லை. அது இருந்த இடம் என்று பல்லவர்மேட்டைச் சுட்டுவதோடு சரி. ஆனால் கூரத்துக்குள்ள செல்வம் குறைந்ததன்று. கூரத்தாழ்வான் அவதரித்த ஊர் இது. முதலாம் பரமேசுவரவர்மன் பெயரால் எழுந்த சிவன் கோயில், தமிழகத்துக் கட்டுமானக் கற்கோயில்களுள் மிகப் பழைய சிலவற்றில் ஒன்று. அம்மன்னனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஏரிக்கு நீர் கொணர்ந்ததைக் கூறுகிறது. மண்டபத்தில் பாரதம் வாசிப்போருக்கு நிலத்திற் பங்கு ஒதுக்கியதையும் கூறுகிறது. ஊராருக்குக் கதை சொல்பவருக்கு ஊதியம் வகுத்த ஊர், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின் ஒரு வழிகாட்டிக்கு ஊதியம் தரத் தயங்க வேண்டுவதில்லை. பல்லவர் சாசனங்கள் கூறும் வரிகளில் தறிக்கூறையும் உண்டு, தரகும் உண்டு. அன்று தரகு கணக்கில் இருந்தது. இன்று அது கணக்கிலேயே இல்லை.

நடையின் உயிர்நிலை தறியடியில் இருக்கிறது. மூன்று நாடா ஓட்டி, உடலையும் கரையையும் கோர்வையாக இணைப்பதை ஒருவர் கால்மணி நேரம் நின்று பார்த்தால், அதன்பின் விலையில் பேரம் பேச அவருக்கு மனம் வராது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பவரிடமும் அவர் ஏமாறமாட்டார். எந்த விளம்பரமும் தராத பாதுகாப்பு இது.

ஆகவே சங்கங்கள் கீழ்க்கண்ட முறைகளை மேற்கொள்ளலாம். வழிகாட்டிகள் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளாக இருத்தல் வேண்டும். அவர்களுக்கு நாட்கூலி உண்டு, கமிஷன் கூடாது. கமிஷன் புகுந்தால் சங்கமே தரகராகிவிடும். தறி காட்டும் வீட்டுக்கு, சேலை விற்றாலும் விற்காவிட்டாலும், குறித்த தொகை சேரவேண்டும். விளைவிப்போர் தம் காய்கறியையும் அரிசியையும் தர, மகளிர் அங்கத்தினர் சமைத்துப் பரிமாறலாம். மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் குடலை இட்டிலி ஒன்றே போதும், காஞ்சியின் பெயர் சொல்ல. அளவும் விலையும் பலகையில் எழுதப்படுக. உள்ளூராருக்கும் வெளிநாட்டாருக்கும் ஒரே விலை.

“எங்கள் வீடு காட்சிச்சாலையா?” என்று சிலர் கேட்பர், கேள்வி நியாயமானதே. இசைந்த வீடுகளுக்கு மட்டும், குறித்த நாட்களில், பத்துப் பேருக்கு மேற்படாமல் செல்லலாம். அனுமதியின்றிப் படம் எடுக்கலாகாது. சந்தைக்கு வராத புதிய டிசைன் ஏறிய தறியைக் காட்டவும் வேண்டாம். முகூர்த்தக் கால நெருக்கடியில் நடையை நிறுத்தி வைக்கலாம்.

இதனால் நெசவாளரின் வறுமை முற்றும் தீர்ந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டா. கூலி உயர்வுக்கும் நூல், சரிகை விலைக்கும் நாம் நடத்தும் முயற்சிகள் தொடரவே வேண்டும். எனினும் தறியை விட்டுச் செல்ல எண்ணும் இளைஞருக்குத் தம் தொழிலைப் பிறர் மதித்துக் காண்பதே ஓர் ஊக்கம். கட்டடமோ பெருமுதலோ இதற்குத் தேவையில்லை. ஒரு தீர்மானமும் சில இளைஞரும் போதும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசி, ஆறு மாதம் நடத்திப் பார்த்து, வரவு செலவை அங்கத்தினர் முன் வைக்குமாறு நிர்வாகக் குழுக்களை வேண்டுகிறோம்.