ஆகாயத்தில் குதிக்கட்டும், அசதியோடு குதிக்க வேண்டாம்!

பாராசூட் கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பது ஒரு காலத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டுமே உரிய வேலையாக இருந்தது. இன்று மாதச் சம்பளம் வாங்கும் வாலிபர்களும் சீட்டுப் பணம் எடுத்து, லீவு போட்டு, அதைக் கற்றுக்கொள்ளப் புறப்பட்டுவிட்டார்கள். ஹரியானாவின் நார்னோல் போன்ற இடங்களுக்குப் போய், பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு முறை குதித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதோடு ஆசை அடங்காமல், தனியாகக் குதிக்கும் பயிற்சிக்கு வெளிநாடு வரை போகிறவர்களும் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்ல.

"பிழைக்க வந்த இடத்தில் இதெல்லாம் தேவையா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயமே. ஆனால் இது நமக்கு அந்நியமான வித்தையும் அல்ல. கொரியப் போரில் 1951 மார்ச் 23-ந் தேதி அமெரிக்கப் படையினருடன் பாராசூட்டில் குதித்துக் காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த இந்திய மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், ஆர்க்காட்டைத் தம் பெயரிலேயே தாங்கிய டாக்டர் ஏ. ஜி. ரங்கராஜ். மகாவீர் சக்ர விருது பெற்றவர் அவர். ஆகவே ஆசைப்பட்டவன் போகட்டும், தடுப்பதற்கில்லை. அவன் எத்தனை மணி நேரம் தூங்கிவிட்டுக் குதிக்கிறான், ஒரு நாளில் எத்தனை முறை குதிக்கிறான் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கடிகாரம் காட்டாத களைப்பு

கணக்குப் பார்த்தால் இது சொற்ப நேர வேலைதான். விமானம் 10,000 அடிக்கு மேலே, பல இடங்களில் 13,000 அடி வரை ஏறுகிறது. அங்கிருந்து குதிப்பவன் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் அரை நிமிஷம், முக்கால் நிமிஷம் விழுகிறான். புதிதாகக் கற்பவர்கள் 5,000 அடி வாக்கில் பாராசூட்டை விரிக்கிறார்கள். பிறகு ஐந்தாறு நிமிஷம் மிதந்து வந்து தரையைத் தொடுகிறார்கள். "ஏழு நிமிஷ வேலைக்கு என்ன களைப்பு? ஒரு நாளில் ஐந்தாறு முறை குதிக்கலாமே!" என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ரயில்வேக்காரனுக்கு அப்படித் தோன்றாது. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் ஊழியர்களின் வேலையைத் தரம் பிரித்து நேர வரம்பு விதித்திருக்கிறது. விட்டு விட்டு வேலை வரும் ஊழியருக்கு வாரத்துக்கு 75 மணி. தொடர்ந்து வேலை இருப்பவருக்கு இரண்டு வாரச் சராசரியில் வாரத்துக்கு 54 மணி. இடைவிடாத கவனமும் கடும் உழைப்பும் வேண்டிய வேலைக்கு அதே சராசரியில் 45 மணிதான். ஏன் இந்த வித்தியாசம்? வண்டிகள் அபூர்வமாக வரும் கேட்டைக் காப்பவரின் ஒரு மணி நேரமும், வண்டி மேல் வண்டியாக வரும் பகுதியைக் கவனிக்கும் கண்ட்ரோலரின் ஒரு மணி நேரமும் உடம்பையும் மனத்தையும் ஒரே மாதிரி தின்பதில்லை. களைப்பை அளக்கக் கடிகாரம் மட்டும் போதாது, வேலையின் கடுமையையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

குதிப்பவனின் ஏழு நிமிஷமும் அத்தகைய கடுமையான நேரம்தான். உயரமானியைப் பார்க்க வேண்டும். கை கால்களைச் சரியான நிலையில் வைக்க வேண்டும். பயிற்சியாளரின் சைகைக்குப் பதில் சொல்ல வேண்டும். விரிந்த பாராசூட் ஒழுங்காக விரிந்ததா என்று சோதிக்க வேண்டும். அதற்கு முன்பே, பத்துக் கிலோவுக்குக் குறையாத மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, காற்று அடங்கட்டும், மேகம் விலகட்டும் என்று வெயிலில் காத்துக் கிடந்திருப்பான். அந்தக் காத்திருப்பும் களைப்புத்தான். மேலே போனால் காற்றில் பிராணவாயு குறைவு. விமானத்தின் இரைச்சல் வேறு.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஏமாற்றுக்காரன் நம் உடம்பேதான். பயமும் பரபரப்பும் வந்தால் அட்ரினலின் என்ற சுரப்பு ரத்தத்தில் கலக்கிறது. அது இருக்கும் வரை களைப்பு தெரியாது. அது வடிந்த பிறகுதான் கைகால் துவளும், கவனம் சிதறும். "எனக்கு ஒன்றும் அசதியில்லை" என்று அவன் சொல்வது பொய்யல்ல. அவனுக்கே தெரியவில்லை என்பதுதான் ஆபத்து.

கடைசி சில விநாடிகள்

பாராசூட் விரியாமல் போவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறோம். மாற்றுப் பாராசூட் ஒன்று மூட்டையிலேயே இருக்கிறது. குதித்தவன் மயங்கிப் போனாலும் குறிப்பிட்ட உயரத்தில் அதைத் தானே விரிக்கும் கருவியும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான காயங்கள் நன்றாக விரிந்த பாராசூட்டோடு தரையில் இறங்கும்போதுதான் ஏற்படுகின்றன. காற்றின் திசை பார்த்துத் திரும்ப வேண்டும். தரை நெருங்கும் சரியான கணத்தில் இரண்டு பிடிகளையும் கீழே இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. அந்தக் கணத்தை அவனுக்காகக் கணிக்க எந்தக் கருவியும் இல்லை. புக்கிங் கவுண்டரில் உட்காரும் எங்களுக்குத் தெரியும்: ஷிப்டு முடிகிற நேரத்தில்தான் கணக்கு உதைக்கும். கவுண்டரில் உதைத்தால் கைப்பணம் போகும். தரையிறங்கும்போது உதைத்தால் கால் எலும்பு போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவனின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 1997-ல் கண்டறிந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் அளவே 0.03 சதவீதம்தான். பெங்களூரிலிருந்து டில்லிக்குக் கர்நாடகா எக்ஸ்பிரஸில் போனால் இரண்டு இரவுகள் வண்டியில் கழிகின்றன. முன்பதிவில்லாத பெட்டியில் உட்கார்ந்தபடியே போகிறவனுக்குத் தூக்கம் எது? வண்டியை விட்டு இறங்கி, பஸ் பிடித்து, அன்றைக்கே பாராசூட் கட்ட நினைப்பவனை என்னவென்று சொல்வது? குடித்துவிட்டு வந்தவனை எந்தப் பயிற்சியாளரும் விமானத்தில் ஏற்றமாட்டார். தூங்காமல் வந்தவனை மட்டும் ஏற்றலாமா?

பட்டாளம் காட்டும் வழி

ஆக்ராவில் விமானப் படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே போகிறவர்கள் இரும்பான உடம்புக்காரர்கள். ஆனாலும் முதலில் தரையில்தான் பயிற்சி. எப்படி விழுவது, எப்படி உருள்வது என்று அலுக்கும் வரை பழக்குகிறார்கள். அதன் பிறகு, இரவுக் குதிப்பு ஒன்று உட்பட ஐந்து முறை குதித்தால்தான் சிறகுச் சின்னம் கிடைக்கும். சென்னை ரசிகர்கள் கொண்டாடும் தோனியும் 2015 ஆகஸ்டில் அங்கே பயிற்சி பெற்று ஐந்து குதிப்புகளையும் முடித்தவர்தான். உடற்பயிற்சியில் ஊறிய ராணுவத்துக்கே இத்தனை நிதானம் தேவைப்படுகிறது. வாரமெல்லாம் மெஷின் அருகே நின்றவனுக்கும், நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கும் நிதானம் தேவையில்லையா?

பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக...

அவசரம் ஏன் வருகிறது என்பதும் தெரிந்ததுதான். தனியாகக் குதிக்கும் பயிற்சியில் ஏழெட்டுப் படிகள் உண்டு. பணம் மொத்தமாகக் கட்டியாயிற்று. லீவு பத்து நாள். அதில் மூன்று நாள் மழையும் காற்றும் தின்றுவிட்டன. திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிறது. மிச்சமுள்ள படிகளைக் கடைசி இரண்டு நாளில் முடித்துவிடத் துடிக்கிறான். சாப்பாட்டைச் சுருக்கி, தண்ணீரை மறந்து, அடுத்த விமானத்துக்கு ஓடுகிறான். கட்டிய பணம்தான் அவனை இப்படி விரட்டுகிறது.

விட்டு விட்டுக் குதித்தால் கை மறந்துவிடும் என்று சிலர் வாதிக்கிறார்கள். மாதக் கணக்கில் இடைவெளி விட்டால் மறக்கும், உண்மை. ஓர் இரவுத் தூக்கத்தில் மறக்காது. கற்றது உடம்பில் படிவதே தூக்கத்தில்தான் என்பது ஆராய்ச்சிகள் காட்டிய உண்மை.

ஆகவே போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள், நன்றாகத் தூங்குங்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு இரண்டு குதிப்பு போதும்; மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நடந்ததை நோட்டில் எழுதுங்கள். சற்று முன் செய்ததைக் கோவையாக எழுத வரவில்லை என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். மூன்று நாள் குதித்தால் நாலாம் நாள் ஓய்வு. விமானத்தில் ஏறிய பிறகு மனம் ஒப்பவில்லையா? பயிற்சியாளரிடம் சொல்லி, அதே விமானத்தில் கீழே வந்துவிடுங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. மிச்சப் படிகளை அடுத்த சீசனில் முடிக்கலாம் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுக்கட்டும். நேற்றிரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்ட பிறகே ஆளை ஏற்றட்டும். அந்த ஒரு ரசீது இருந்தால் பாதி அவசரம் தானே அடங்கிவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பாதியில் திரும்பி வந்தவனைப் பார்த்து, "இவ்வளவு பணம் கட்டியும் முடிக்கவில்லையா?" என்று கேட்காதீர்கள். கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்தால், ஊருக்குப் போகும் மணியார்டரும் நிற்கும், இங்கே வீட்டு வாடகையும் நிற்கும். பாக்கிப் படிகளுக்கு அடுத்த வருஷமும் வானம் இருக்கும். அதுவரை சம்பளம் தடையின்றி வர, இரண்டு காலும் நன்றாக இருக்க வேண்டும்.