ஒரு ஸ்பேஸை அழித்தால் என்ன ஆகிவிடும்? லினக்ஸ் கெர்னலின் ‘கண்ணுக்குத் தெரியாத’ பஞ்சாயத்து

ஆண்ட்ராய்டு போனில் ஒரு போட்டோ எடுக்கிறீர்கள். அதை மெமரியில் எங்கே எழுதுவது, நாளைக்கு நீங்கள் கேட்டால் எப்படித் தேடி எடுத்துத் தருவது என்பதைப் பார்த்துக்கொள்வது ஃபைல் சிஸ்டம். போனுக்குள் பெரும்பாலும் எஃப்2எஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4 இருக்கும். 32 ஜிபிக்கு மேற்பட்ட மெமரி கார்டு என்றால் வழக்கமாக எக்ஸ்ஃபேட். இவை எல்லாவற்றுக்குமான கோட் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

அப்படிப் படிக்கும் ஒருவர், சில வரிகளின் கடைசியில் தேவையில்லாத ஸ்பேஸ் இருப்பதைப் பார்க்கிறார். டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருக்கிறது. சுத்தம் செய்து, பேட்ச்சாக அனுப்புகிறார். நல்ல காரியம்தானே? ஆனால் பதிலுக்குப் பல நேரம் கிடைப்பது மௌனம், அல்லது “வேண்டாம்” என்ற ஒற்றை வரி.

அட, வெறும் ஸ்பேஸ்தானே! அதற்கு ஏன் இவ்வளவு பிகு?

விதி என்ன சொல்கிறது?

இத்தனைக்கும் கெர்னலின் எழுத்து விதிகள் இதில் ரொம்ப கறார். ஒரு டேப் என்றால் 8 எழுத்து அகலம். வரிக் கடைசியில் ஸ்பேஸ் கூடாது. இதையெல்லாம் பிடித்துக்கொடுக்க ‘செக்பேட்ச்’ என்று ஒரு ஸ்கிரிப்டே கெர்னலோடு வருகிறது.

கெர்னலின் பெரும்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. பைத்தானில் ஸ்பேஸ் மாறினால் புரோகிராமே மாறிவிடும். சி கம்பைலருக்கு அந்தக் கவலை இல்லை. ஆக, இந்த விதி மெஷினுக்காகப் போட்டதில்லை, படிக்கும் மனிதருக்காகப் போட்டது. 2014-ல் ஆப்பிளுக்கு நடந்தது நினைவிருக்கலாம். ‘கோட்டு ஃபெயில்’ என்ற வரி தவறுதலாக 2 முறை வந்துவிட்டது. இரண்டாவது வரியும் மேலே உள்ள ‘இஃப்’புக்குள் அடங்கியது போலவே தள்ளி எழுதப்பட்டிருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரி. நிஜத்தில் அது எந்த நிபந்தனையும் இல்லாமல் ஓடி, இணையப் பாதுகாப்புச் சோதனையின் முக்கியமான படியையே தாண்டிப் போனது. இப்படி ஏமாற்றும் இன்டென்டேஷனைக் கண்டால் எச்சரிக்கும் வசதி 2016-ல் ஜிசிசி 6 கம்பைலரில் வந்தது.

சரி, பிறகு ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

முதல் காரணம் எளிது. ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார், ஏன் மாற்றினார் என்று பார்க்க ‘கிட் பிளேம்’ உதவும். ஃபைல் முழுக்க ஸ்பேஸை மாற்றினால், 10 வருடத்துக்கு முன் யோசித்து எழுதியவரின் பெயர் போய், ஸ்பேஸை அழித்தவரின் பெயர் முன்னால் நிற்கும்.

இரண்டாவதுதான் நம்மைத் தொடும் விஷயம். ஃபைல் சிஸ்டத்தில் பிழை என்றால் ஸ்கிரீன் மினுக்கும் பிரச்னை இல்லை, உங்கள் போட்டோவே காணாமல் போகலாம். பிழைக்கான திருத்தம் வழக்கமாக முதலில் புதிய கெர்னலுக்குள் போகும். ஆனால், நம் கையில் உள்ள போன்கள் ஓடுவது பழைய, நீண்டகால ஆதரவுள்ள கெர்னல்களில். அதனால் அந்தத் திருத்தத்தைப் பழையதற்கும் கொண்டுபோக வேண்டும். இதற்குப் பெயர் பேக்போர்ட். ஒரு பேட்ச், தான் சேர வேண்டிய இடத்தைச் சுற்றியுள்ள வரிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. வழக்கமாக மேலே 3, கீழே 3. புதியதில் அந்த வரிகளில் டேப், பழையதில் ஸ்பேஸ் என்றால் பொருந்தாது. யாராவது உட்கார்ந்து கையால் பொருத்த வேண்டும். அனுப்பியவருக்கு 5 நிமிட வேலை. அதன் சுமை, அவருக்குத் தெரியாத ஒருவரின் தலையில் பல வருடங்களுக்கு.

நம்பிக்கைப் பிரச்னையும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சின்னத் திருத்தம் போலத் தெரியும் பேட்ச்சுகளில் வேண்டுமென்றே பிழையை ஒளித்து அனுப்பிய விவகாரம் 2021-ல் வெடித்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இனி எதையும் ஏற்க மாட்டோம் என்று அந்த ஏப்ரலில் கிரெக் க்ரோவா-ஹார்ட்மேன் அறிவித்தார். அவை ஸ்பேஸ் பேட்ச்சுகள் அல்லதான். ஆனாலும், ‘சின்னதுதானே’ என்று பார்க்காமல் விட முடியாது என்பது அதோடு உறுதியானது.

முறையாகச் செய்த கதை

2005 ஜூலையில் ரைசர்எஃப்எஸ் கோட் மொத்தமும் ஒரே மூச்சில் சீரமைக்கப்பட்டது. வரிக்கு வரி ஸ்டைல் மாறும் அளவுக்கு அது கலவையாக இருந்தது. சூஸேயின் ஜெஃப் மஹோனி முன்வைத்த காரணங்கள்: கோட் நிலையாகிவிட்டது, காத்திருக்கும் திருத்தங்களும் குறைவு, அதனால் இதுவே நேரம். ‘லின்டென்ட்’ என்ற ஸ்கிரிப்டை ஓட்டி வந்ததை மட்டுமே அந்த மாற்றத்தில் வைத்தார்கள். கையால் செய்யும் அழகுபடுத்தலைத் தனியாக ஒதுக்கினார்கள், பெரிய பேட்ச்சுக்குள் ஒரு கைத்தவறு ஒளிந்துகொள்ளக் கூடாதே! ரைசர்எஃப்எஸ்ஸை உருவாக்கிய ஹான்ஸ் ரைசருக்கு இதில் பெரிய உற்சாகமில்லை, தடுக்கவும் இல்லை என்று அந்த கமிட் குறிப்பிலேயே பதிவாகியிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த விஷயத்துக்கு அந்தக் குறிப்பைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

எக்ஸ்ஃபேட் கதை வேறு மாதிரி. சாம்சங்கின் பழைய கோட், 2019 நவம்பரில் வெளியான லினக்ஸ் 5.4-ல் ‘ஸ்டேஜிங்’ பகுதிக்குள் வந்தது. தரம் போதாத கோடை வைத்துத் தேற்றும் இடம் அது. புதியவர்களின் ஸ்பேஸ் பேட்ச்சுகளுக்கும் அங்கே வரவேற்பு உண்டு. பலர் அனுப்பினார்கள். அடுத்த வருடம் 5.7-ல் சாம்சங்கின் புதிய டிரைவர் முறைப்படி நுழைந்தது, ஸ்டேஜிங் வடிவம் அப்படியே நீக்கப்பட்டது. சுத்தம் செய்த ஸ்பேஸ்களும் கூடவே போய்விட்டன.

அதற்காக அந்தப் பேட்ச்சுகளை வீண் என்று சொல்லத் தோன்றவில்லை. பேட்ச்சை எப்படிப் பிரிப்பது, விளக்கம் எப்படி எழுதுவது, திருப்பி அனுப்பினால் எப்படி மறுபடி அனுப்புவது என்பதைச் சிலர் அங்கேதான் கற்றிருப்பார்கள். ரெஸ்யூமில் ‘கெர்னல் கான்ட்ரிபியூட்டர்’ என்று போட்டுக்கொள்வதற்காக ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல் சிஸ்டத்தில் கை வைப்பதுதான் சிக்கல். பெயர் வரவேண்டும் என்பதற்காக அனுப்பும் ஸ்டைல் பேட்ச்சுகள் வெறும் இரைச்சலாகவே பார்க்கப்படும் என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. வேறு வேலைக்காக ஒரு ஃபங்ஷனைத் தொடும்போது அங்குள்ள ஸ்பேஸையும் சரிசெய்தால் யாரும் கோபிக்கப்போவதில்லை. ஆனால், பெரிய சீரமைப்பு என்றால் அதைத் தனி பேட்ச்சாக வையுங்கள். ‘கிட் டிஃப்’பை டபிள்யூ ஆப்ஷனோடு ஓட்டினால் ஸ்பேஸ் மாற்றங்கள் மறைந்துவிடும்; வரிகளை உடைக்காத சுத்தம் என்றால், மிச்சம் எதுவும் தெரியக் கூடாது. ஒரு வரி தெரிந்தாலும், அனுப்பும் முன் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.