பாவும் ஊடும்: பிள்ளையின் குறைக்குத் தாய்தான் காரணமா?



"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்னும் பழமொழியைக் கேட்காதவர் நம் கரிசல் சீமையில் இல்லை. நூற்பாலைகளின் ஊரான கோவில்பட்டியில் அதற்குச் செல்வாக்கு இன்னும் அதிகம். ஆனால் அதை நாம் எப்போது எடுக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை அறிவும் அழகுமாய் வளர்ந்தால், "எங்கள் வம்சத்துப் பிள்ளை" என்று தந்தை வீட்டார் பெருமைப்படுகிறார்கள். பிள்ளை நோயோடு பிறந்தாலோ, மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தாலோ, அப்போதுதான் பழமொழி நினைவுக்கு வருகிறது. "அவள் வயிறு அப்படி" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. சில வீடுகளில் தலாக், மறுமணம் என்பது வரை பேச்சு நீள்கிறது.

இந்தத் தீர்ப்பு அறிவியலின்படி பொய். மார்க்கத்தின்படி பாவம்.

நெசவு தெரிந்த எவரையும் கேளுங்கள். ஒரு பக்கத்து நூலால் சேலை நெய்ய முடியாது. நீளவாக்கில் பாவு வேண்டும், குறுக்குவாக்கில் ஊடு வேண்டும். மனிதப் பிள்ளையும் அவ்வாறே. நம் உடலின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. 23 தாயிடமிருந்து, 23 தந்தையிடமிருந்து. அவற்றுள் சுருண்டிருக்கும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையின் முறுக்கேணி வடிவம் 1953இல் கண்டறியப்பட்டது. அதில் இருப்பவை நான்கே வகை எழுத்துகள். மூன்று எழுத்துகள் சேர்ந்தால் ஒரு சொல். சொற்கள் வரிசையாகச் சேர்ந்தால் ஒரு புரதத்தைச் செய்வதற்கான வாசகம். அந்த வாசகத்தையே மரபணு என்கிறோம். அனேகமாக ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக நம்மிடம் இருக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது.

எழுத்து ஒன்று மாறினால் என்ன ஆகும் என்பதை மதரஸாப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. அடித்தொண்டையில் ஒலிக்கும் காஃபைக் கொண்டு 'கல்ப்' என்றால் உள்ளம். மற்றொரு காஃபைக் கொண்டு சொன்னால் நாய். இரத்தச் சிவப்பணுவை வளைந்த அரிவாள்போல் ஆக்கிவிடும் சிக்கிள் செல் நோய்க்கும் காரணம் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான்.

இனி ஆணா, பெண்ணா என்னும் வழக்கை எடுத்துக்கொள்வோம். தாயிடம் இருப்பவை இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். அவள் எக்ஸைத் தவிர வேறெதையும் தர இயலாது. தந்தையிடம் ஓர் எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ளன. அவரிடமிருந்து எக்ஸ் வந்தால் மகள், ஒய் வந்தால் மகன். 1905ஆம் ஆண்டு முதல் உலகம் அறிந்த செய்தி இது. பெண் குழந்தை பெற்றதற்காக மனைவியைத் தள்ளிவைக்க நினைப்பவர், தான் கொடுத்ததற்காக அவளைத் தண்டிக்கிறார்! பழியை எடுத்துக் கணவன் தலையில் வையுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. எது சேரும் என்பது அவர் கையிலும் இல்லை. தான் நாடியோருக்குப் பெண் மக்களையும், நாடியோருக்கு ஆண் மக்களையும் அல்லாஹ் வழங்குகிறான் என்று குர்ஆன் (42:49) கூறுகிறது. அவன் வழங்கியதைக் குறை சொல்ல நாம் யார்?

பரம்பரை நோய்களின் கணக்கு இன்னும் தெளிவானது. தலசீமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான பீட்டா தலசீமியாவோடு பிறந்த குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும்; வாழ்நாள் முழுவதும். இது வர, பழுதான பிரதி இருவரிடமிருந்தும் வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் பழுதானவர் நோயாளி அல்லர். நல்ல உடல்நலத்தோடு வாழ்வார். அவரைக் கேரியர் என்பார்கள். கணவனும் மனைவியும் கேரியர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் தப்பிவிடும் என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு முறையும் சீட்டுப் புதிதாகவே குலுக்கப்படுகிறது. இந்நோயில் தாயின் பங்கு பாதி, தந்தையின் பங்கு பாதி. ஹீமோஃபிலியா போன்ற சில நோய்கள் தாய் வழியாக ஆண்மக்களுக்கு வருவதுண்டு. ஆயினும் தனக்கே தெரியாத ஓர் எழுத்துக்காக ஒருத்தியைக் குற்றவாளி ஆக்குவது எந்த நீதி?

சொந்தத்தில் திருமணம் இங்கேதான் கவனத்துக்கு உரியதாகிறது. மாமு மகளும் மாமி மகனும் ஒரே பாட்டன் பாட்டியின் கிளைகள். அவர்களின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானது. பாட்டனிடம் மறைந்திருந்த பழுது இரு கிளைகளிலும் இறங்கி, பேரப்பிள்ளைகளின் திருமணத்தில் மீண்டும் சந்திக்க வழி கிடைக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்த பெரிய ஆய்வு 2013இல் வெளியானது. பிறவிக் குறைபாட்டின் வாய்ப்பு, நெருங்கிய சொந்தத்தில் மணந்தோரின் பிள்ளைகளிடம் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறாக, அதாவது இருமடங்காக இருந்தது. நூற்றில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகளுக்கு அக்குறை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயமுறுத்துவதும் தவறு, மறைப்பதும் தவறு.

"இது முஸ்லிம்களின் பழக்கம்" என்று ஏளனம் செய்வோரும் உண்மை பேசவில்லை. தமிழகத்தில் மணமான பெண்களில் நால்வரில் ஒருவருக்கும் மேல் உறவில் மணந்தவர்கள். எல்லாச் சமயத்தாரும் இதில் உண்டு. அக்காள் மகளை மணக்கும் வழக்கத்தையோ குர்ஆன் (4:23) நமக்கு முற்றிலும் ஹராமாக்கியுள்ளது.

"அல்லாஹ் அனுமதித்ததை நீர் தடுக்கிறீரா?" என்று கேட்பவருக்கு என் பதில் இது: அனுமதி வேறு, கட்டளை வேறு. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாம் நவவீ (ரஹ்), சுமார் 750 ஆண்டுகளுக்கு முன்பே, மணப்பெண் நெருங்கிய உறவாக இல்லாதிருப்பது விரும்பத்தக்கது என்று தம் 'மின்ஹாஜ்' நூலில் எழுதிவைத்தார். ஹலாலை ஹராமாக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் சொத்து வெளியே போய்விடக்கூடாது என்று நாம் தேடிக்கொள்ளும் உறவுக்கு சுன்னத் என்று பெயர் சூட்டவும் உரிமை இல்லை.

"நிக்காஹ்வுக்கு முன் இரத்தப் பரிசோதனையா? தவக்குல் எங்கே?" என்று கேட்பவரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள். சவூதி அரேபியாவில் 2004 முதல் சிக்கிள் செல், தலசீமியா பரிசோதனை இல்லாமல் திருமணப் பதிவு இல்லை. நம் மண்ணையே பாருங்கள். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கும் மேலாகப் பருத்தி விதையை ஆராய்கிறது. நம் விவசாயி முளைப்புத்திறன் பாராமல் ஒரு படி விதையை வாங்கமாட்டார். அது தவக்குலுக்கு மாறு என்று எவரும் சொன்னதில்லை.

ஒரு கிராமத்து அரபி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தன் மனைவி கறுத்த நிறத்தில் மகனைப் பெற்றிருப்பதாக ஐயத்தோடு கூறினார். உம் ஒட்டகங்களின் நிறம் என்ன என்று நபியவர்கள் கேட்டார்கள். சிவப்பு என்றார். சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா என்றார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க, ஏதோ ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்றார் அவர். உம் மகனையும் ஒரு வேர் இழுத்திருக்கலாமே என்றார்கள் நபியவர்கள். அபூஹுரைரா (ரலி) வழியாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்வு இது. இதைக் காட்டி, மரபணுவியல் முழுவதும் நம்மிடம் இருந்ததென்று மார்தட்டுவது எளிது. அதைவிடக் கடினமானது, அந்தத் தீர்ப்பைப் பின்பற்றுவது. அங்கே ஒரு தாய் ஐயத்திலிருந்து காக்கப்பட்டாள். நம் வீடுகளில் அவளைக் காப்பவர் யார்?

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடமும் பெற்றோரிடமும் மூன்றைக் கேட்கிறேன். ஒன்று, நிச்சயத்துக்கு முன்பே மணமக்கள் இருவரும் தலசீமியாவுக்கான ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளட்டும். இருவரும் கேரியர் என்றால் மருத்துவரிடம் கலந்து முடிவெடுக்கட்டும். இரண்டு, அந்த முடிவு அமானிதம். அதை ஊர்ப் பேச்சாக்கிப் பெண்ணின் வாழ்வைக் கெடுப்பது துரோகம். மூன்று, செய்யாத குற்றத்துக்காக முஃமினான பெண்களை நோவினை செய்வோர் அவதூற்றையும் வெளிப்படையான பாவத்தையும் சுமக்கிறார்கள் என்னும் குர்ஆனின் எச்சரிக்கையை (33:58) ஜும்ஆ மேடையில் எடுத்துச் சொல்லுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் சந்ததிகளைக் கண் குளிர்ச்சியாக்குவாயாக. அவர்களைச் சுமந்தவர்கள்மீது பழி சுமத்தும் நாவுகளிலிருந்து எங்களைக் காப்பாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.