தூக்குச்சட்டியில் பால், மண்சட்டியில் தயிர்

அரை லிட்டர் பாக்கெட் பாலை வாங்கி வீட்டில் உறை ஊற்றினால் குப்பைக்குப் போவது ஒரு பாக்கெட். தயிரையே அரை லிட்டர் பாக்கெட்டாக வாங்கினாலும் ஒரு பாக்கெட்தான். அப்புறம் வீட்டுத் தயிரால் பிளாஸ்டிக் எங்கே குறைகிறது? உங்கள் பிள்ளை இப்படிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். கணக்கு சரிதான்.

ஒரு வேளைச் சோற்றோடு காலியாகும் சின்னப் பாக்கெட்டுகளும் மூடி போட்ட கப்புகளும் குறையும். அது கொஞ்சம்தான். பெரிய மிச்சம் வேண்டுமென்றால் பால் வாங்கும் விதம் மாற வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கம் இது ஒன்றும் சிரமமில்லை. டவுனைத் தாண்டினாலே மாடு கட்டும் வீடுகள் இருக்கின்றன. கறக்கிற நேரத்துக்குத் தூக்குச்சட்டியைக் கொடுத்து, துணைக்கு ஒருவரோடு பிள்ளையை அனுப்புங்கள்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோது, பால், தயிர், எண்ணெய் பாக்கெட்டுகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் தயிர்ப் பாக்கெட்டில் ‘தஹி’ என்று அச்சிடச் சொன்னதும் ஊரே கொதித்தது. சில நாட்களில் உத்தரவு மாறியது. பெயரைக் காப்பாற்றிவிட்டோம். அந்தப் பாக்கெட்டைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை! தெருவோரம் அதை விழுங்கும் மாட்டுக்கு அது செரிக்காது. இரைப்பையிலேயே சேர்ந்துகொண்டு போகும். பால் கொடுப்பதும் அந்த மாடுதானே.

சரி, உறை ஊற்றுவோம். கறந்த பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சுவது பெரியவர்கள் வேலை. ஆறியதும் பிள்ளைகளிடம் விடுங்கள். பாலை ஒரு சொட்டு மணிக்கட்டின் உள்பக்கம் விட்டால் இதமான வெதுவெதுப்பு தெரிய வேண்டும், சுடக் கூடாது. சுட்டால் உறைமோரில் உள்ள நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஆறிப்போயிருந்தால் அவை சோம்பிக் கிடக்கும். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் தயிர் போதும். நிறையப் போட்டால் சீக்கிரம் புளித்துவிடும். நன்றாகக் கலக்கி மூடியபின் சட்டியை ஆட்டக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டமான கட்டம் இதுதான், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பார்கள்.

உள்ளே நடப்பதையும் சொல்லுங்கள். பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அந்த நுண்ணுயிர்கள் புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏறப் பாலின் புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. அதுதான் கட்டித்தயிர். மண்சட்டியில் இன்னும் கெட்டியாக வரும், ஏனென்றால் மண் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பங்கை மண்சட்டியிலும் ஒரு பங்கை எவர்சில்வர் கிண்ணத்திலும் உறை ஊற்றி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

கீழே கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலுக்கு நாலைந்து மணி நேரத்தில் தயிர் தயார். மேலே கல்வராயன் மலையில், வெள்ளிமலை மாதிரி ஊர்களில் மார்கழிக் குளிருக்கு அது நடக்காது. சட்டியைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் இறக்கி, விடியும்வரை விட்டுவிடுங்கள்.

வீட்டில் உறைமோர் இல்லையா? ஐந்தாறு காய்ந்த மிளகாய்க் காம்பைக் கழுவி, வெதுவெதுப்பான பாலில் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். முதல் தயிர் கொழகொழவென்று இருக்கும். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து உறை ஊற்றும் இரண்டாவது தயிர்தான் சாப்பாட்டுக்கு.

பாக்கெட் பால்தான் கிடைக்கும் என்பவர்கள் முனையை முழுசாக வெட்டி எறியாதீர்கள். அந்தத் துணுக்கைக் குப்பையில் யாராலும் பொறுக்க முடியாது. பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி கீறி, காலியானதும் கழுவிக் காயவைத்துப் பழைய சாமான்காரரிடம் போடலாம்.

தயிர்ச்சட்டியைச் சாப்பாட்டுக்கு எடுத்து வைக்கும் முன், நாளைக்கு வேண்டிய ஒரு ஸ்பூனைத் தனியே எடுத்து வைப்பதையும் பிள்ளைகளுக்கே பொறுப்பாகக் கொடுங்கள். மறந்துவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்கலாம். ஆனால் பொழுதோடு போகச் சொல்லுங்கள். விளக்கு வைத்த பிறகு உறைமோர் கொடுக்காத வீடுகள் இன்னும் இருக்கின்றன.