கைநாட்டு சம்மதமாகாது

சேரிக்கு ஆராய்ச்சி புதுசு இல்லை. அளந்தவன் எப்போதும் வெளியிலிருந்துதான் வந்தான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் தென்னிந்தியச் சாதிகளை ஏழு தொகுதிகளில் அடுக்கி வைத்தார். அப்படி எடுத்த மூக்களவுக் கணக்குகளையே கையிலெடுத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று 1948இல் திருப்பியடித்தார் அம்பேத்கர். அளக்கப்பட்டவர்கள் தரப்பிலிருந்து கணக்கைச் சரிபார்த்த முதல் ஆள்களில் ஒருவர் அவர். அந்தச் சரிபார்க்கும் வேலை இன்று எங்கே நடக்கிறது, யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தில், மனிதர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சிகளை மேற்பார்வையிடும் அறநெறிக் குழு அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறேன். பதவிப் பெயர் உறுப்பினர் செயலர். எங்கள் ஆட்களில் பலருக்கு இப்படி ஒரு அலுவலகம் இருப்பதே தெரியாது. தெரிந்த மாணவத் தோழர்களோ, "அது ரப்பர் ஸ்டாம்பு ஆபீஸ்தானே" என்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்புதான். ஆனால் அந்த ஸ்டாம்பு விழாமல் ஒரு டாக்டர் நம் சனங்களிடம் ஆராய்ச்சிக்கென்று ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக்கூடாது. ஸ்டாம்பு யார் கையில் இருக்கிறது என்பது அரசியல் கேள்வி.

இந்த அலுவலகங்கள் யாருடைய கருணையிலும் பிறக்கவில்லை. 1932இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கிகி ஊரைச் சுற்றி, அரசின் பொதுச் சுகாதாரத் துறை 600 கறுப்பின ஆண்களை ஆய்வில் சேர்த்தது. 399 பேருக்கு மேகநோய். அவர்களிடம் "கெட்ட ரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். 1940களில் பெனிசிலின் வந்துவிட்டது, கொடுக்கவில்லை. நோய் எப்படித் தின்கிறது என்று 40 வருஷம் வேடிக்கை பார்த்தார்கள். கொடுத்ததெல்லாம் ஒருவேளைச் சாப்பாடும், செத்தால் அடக்கச் செலவும். 1972இல் பத்திரிகையில் வெடித்த பிறகுதான் 1974இல் அங்கே சட்டம் வந்தது, குழுக்கள் கட்டாயமாயின.

நம் நாட்டில் விதிகள் இல்லையா? இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இலிருந்தே எழுதி வருகிறது. 2017இல் விரிவாக எழுதியது. குழுவில் 7 முதல் 15 பேர், தலைவர் வெளியாள், பாதிப் பேர் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்கள், வக்கீல் ஒருவர், சமூகவியலாளர் ஒருவர், பொதுநபர் ஒருவர். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

அழகு எங்கே உடைந்தது என்று பாருங்கள். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், அதைத் தொடர்ந்து குஜராத்தின் வதோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வொன்றில் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். கம்மத்தில் நிறையப் பேர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகளின் சாவு பற்றிய செய்திக்குப் பின் 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. சாவுகளுக்கும் ஊசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது அரசின் விசாரணைக் குழு. இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்தத் தடுப்பூசி நம் பெண்களுக்குத் தேவையான ஊசிதான். கேள்வி வேறு. 2013 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை சொல்கிறது: ஆந்திராவின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு, 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டது விடுதி வார்டன். பெத்தவங்களுக்குப் பதில் வார்டன்! பணக்காரப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு வார்டன் கையெழுத்துப் போட்டு ஊசி குத்த முடியுமா?

அதே நோயைப் பற்றிய இன்னொரு ஆய்வு, மும்பை குடிசைப் பகுதிகளில் 1998இல் தொடங்கியது. சுமார் 1,50,000 பெண்கள். பாதிப் பேருக்குப் பரிசோதனை. மீதி 76,178 பேருக்கு நோயைப் பற்றிய விளக்கம் மட்டும், பரிசோதனை இல்லை. பரிசோதனை செய்த தரப்பில் புற்றுநோய்ச் சாவு 31 விழுக்காடு குறைந்தது என்று 2013இல் அறிவித்தார்கள். நல்ல முடிவு. ஆனால் மறு தரப்பில் செத்தவர்களுக்கு என்ன பதில்? "இந்த நாட்டில் வழக்கமாக இவர்களுக்குப் பரிசோதனையே கிடையாது, ஆகவே நாங்கள் எதையும் பறிக்கவில்லை" என்பது பதில். இந்த வாதத்தை நன்றாகக் கவனியுங்கள். ஒன்றுமே கிடைக்காதபடி முதலில் ஒரு கூட்டத்தை வைத்திருப்பது. பிறகு அந்த ஒன்றுமில்லாமையையே அளவுகோலாக எடுத்துக்கொள்வது. நமக்கு இது பழக்கமான கணக்கு. கிணறு இல்லாத சேரியில், தண்ணி தரவில்லை என்று யார் மேலும் வழக்குப் போட முடியாதல்லவா?

இனி என் மேசைக்கு வருவோம். தூய்மைப் பணியாளர்களின் நுரையீரல் பற்றி ஓர் ஆய்வு விண்ணப்பம் வந்தது. தேவையான ஆய்வு. எழுதிய பேராசிரியர் கெட்டவரும் அல்ல. ஆனால் சம்மதம் வாங்குவது எப்படி என்ற பத்தியில் இருந்தது இதுதான்: விடியக்காலை ஐந்தரை மணி மஸ்டரில், சூப்பர்வைசர் உதவியோடு, படிவத்தில் கையெழுத்து வாங்கப்படும். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தால் சார்பில்லாத ஒரு சாட்சி வேண்டும் என்கிறது விதி. சாட்சி யார்? மேஸ்திரி! வருகைப் பதிவேட்டுக்கு நீட்டிய அதே விரலை ஆராய்ச்சிக்கும் நீட்டச் சொல்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி எப்படி வேண்டாம் என்பார்? அங்கே பத்து வருஷமாகக் கூட்டுகிற ஒரு அம்மாவிடம் கேட்டேன். "போடலன்னா நாளைக்கு வேலைக்கு வராதேம்பான். போட்டுட்டுப் போறதுதான்" என்றார்.

விண்ணப்பத்தில் இன்னொன்றும் இல்லை. நுரையீரல் கெட்டிருப்பது தெரிந்தால் அந்தத் தாள் யார் கைக்குப் போகும்? காண்ட்ராக்டர் கைக்குப் போனால் மறுநாள் அந்த ஆள் வீட்டில். வைத்தியம் யார் பார்ப்பது? நோயைக் கண்டுபிடித்த ஆய்வே பிழைப்பைப் பிடுங்குகிற ஆய்வாகிவிடும். படிவத்தில் சாதி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. அந்த மஸ்டரில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் என்பது ஊருக்கே தெரியும். விண்ணப்பத்துக்கு மட்டும் தெரியாது.

திருப்பி அனுப்பினோம், மூன்று முறை. "நல்ல ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறீர்கள், இதில் எதற்கு சாதியைக் கொண்டு வருகிறீர்கள்" என்று கேட்டார்கள். மேலிடத்திலிருந்து போனும் வந்தது. கடைசியில் மாறியது. சங்க அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை, சூப்பர்வைசர் இல்லாமல் கூட்டம். படிவத்தைப் பேச்சுத் தமிழில் உரக்கப் படிப்பது. படித்த பிறகு, "உங்களுக்கு என்ன புரிஞ்சுது, நீங்க சொல்லுங்க" என்று அவர்கள் வாயால் கேட்பது. முடிவுத் தாள் அவரவர் கையில் மட்டும். வைத்தியத்துக்கு மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வமான ஏற்பாடு. அன்றைக்குச் சிலர் "எனக்கு வேணாம்யா" என்று எழுந்து போனார்கள். பேராசிரியருக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் சரி என்ற சொல்லுக்கு மதிப்பு.

"அப்படியானால் நம்ம ஆள் ஒருத்தர் ஆபீசில் இருந்தால் போதும்" என்று நினைக்க வேண்டாம். டஸ்கிகியில் அந்த ஆண்களை வண்டியில் அழைத்துப் போய் ஆய்வில் நிலைக்க வைத்த நர்ஸ், யூனிஸ் ரிவர்ஸ், கறுப்பினப் பெண். அங்கிருந்த கறுப்பினக் கல்லூரியும் இடம் கொடுத்தது. தன் சனத்து முகம் ஒன்று வாசலில் நின்றதால்தான் மற்றவர்கள் நம்பி உள்ளே போனார்கள். ஓட்டும் கேள்வி கேட்கும் அதிகாரமும் இல்லாத பிரதிநிதி, வலையில் கட்டிய கண்ணிப்புறா. நானும் நாளை மாற்றப்படலாம். ஆளை நம்பி நிற்காமல் விதியாக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறேன். ஒவ்வொரு விண்ணப்பமும், யாரை ஆய்கிறோம், அவர்கள் எந்தச் சாதியினர், யார் மூலமாக அணுகுகிறோம் என்று எழுதியாக வேண்டும். கூலி கொடுப்பவனோ, வார்டனோ, ஊர்த்தலைவரோ சம்மதம் வாங்கும் இடத்தில் இருக்கக்கூடாது. பொதுநபர் நாற்காலி ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு மட்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஆய்வுக்கு ஆளாகும் மக்களிலிருந்து ஒருவரல்ல, இருவர், ஓட்டுரிமையோடு, அன்றைய கூலி ஈட்டோடு, தமிழில் எழுதிய தாள்களோடு உட்கார வேண்டும். இப்போது அப்படிப்பட்டவர்களை அழைத்தாலும் சிறப்பு அழைப்பாளராகத்தான் அழைக்க முடிகிறது. ஓட்டுக் கிடையாது. டீ உண்டு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களும் நாளை கேள்வித்தாளோடு சேரிக்குப் போவீர்கள். சொந்தக்காரன் என்பதற்காக உங்களுக்கு விலக்கு இல்லை. சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாலும், "வேணாம்னா சொல்லிடு சித்தி" என்று முதலில் சொல்லுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்தக் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. வருகிற பெயர்ப் பட்டியலைப் பார்த்தால், அடுத்த போராட்டத்தை எந்த வாசலில் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.